பதிவில் இல்லாத சத்தம்

பேராதனை
2023 பெப்ரவரி 12

என் அன்பு மஸாவுக்கு,

நீ டோஹாவிலிருந்து அனுப்பிய ஓடியோ கன்வேட்டரும் மைக்கும் ஹெட்போனும் இன்று காலை பத்திரமாக வந்து சேர்ந்தன. உன் தம்பி பஹீமே அக்குறணையிலிருந்து கொண்டுவந்து தந்தார். கடையை யாரிடமோ விட்டுவிட்டு வந்தாராம். தேத்தண்ணியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. "ராத்தா செல்லி அனுப்பின, பெட்டிய நீங்கதான் தொறக்கணுமாம், நான் கை வைக்கவும் கூடாதாம்" என்று சிரித்துவிட்டு ஓடிவிட்டார்.

திறந்து பார்த்தேன். கன்வேட்டர் சாம்பல் நிறம், சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முன்னால் இரண்டு குமிழ்கள், முன்னும் பின்னும் சில துளைகள். எங்கள் வீட்டுக்காரர் மோகன் அதைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, "இத்துனூண்டு பொட்டியா ஒன் கொரல மாத்தப் போவுது?" என்றார். மாற்றாது, இருக்கிற குரலை இருக்கிறபடி லெப்டொப்புக்குள் கொண்டுபோகும் என்று நீ சொன்னதை அவரிடம் ஒப்பித்தேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் முழுக்க விளங்கவில்லை.

வானொலியில் தமிழ் நிகழ்ச்சியை நிறுத்தி நம் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிய நாளில் நீ அழுதாய், நான் அழவில்லை. ஆனால் நீ போய் எடிட்டிங் படித்து ஒரு மேசையும் கம்பியூட்டரும் பிடித்துக்கொண்டாய். நான்தான் இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்கு ரியூஷன் சொல்லிக்கொண்டு, மத்தியானத்தில் வெறும் சுவருக்குச் செய்தி வாசித்துக்கொண்டு இருக்கிறேன். இப்போது நீ வந்து, "சென்னைக்காரருக்கு ஒலிநூல் செய்வோம், நீ வாசி, நான் வெட்டி ஒட்டுறேன்" என்கிறாய். போனில் பதிவுசெய்து அனுப்பியதை அவர்கள் திருப்பி அனுப்பியபோது எனக்கு முகம் செத்துவிட்டது. குரல் நல்லது, ஒலிதான் மோசம் என்று நீ சொன்ன பிறகுதான் சாப்பிட்டேன்.

எப்படிப் பூட்டுவது என்று ஈமெயிலில் எழுது. போனில் சொல்லாதே. போனில் உன் பேச்சு தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது, பாதி பிடிபடுவதில்லை. உன் பக்கத்து லைனோ என் பக்கத்து லைனோ தெரியாது. கடிதமென்றால் ஆற அமர வாசிக்கலாம்.

உன்,
சுதா


டோஹா
2023 பெப்ரவரி 13

சுதாக் கண்ணு,

நான் ஸலாம் சொல்ல வாயெடுக்குமுன் நீ பதில் சொல்லிவிடுவாயே, அந்தக் காலம் ஞாபகம் வருகிறது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் இடம். வீட்டில் துணி நிறைந்த மூலை எது? அலுமாரிக்கு முன்னால் உட்கார். அலுமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டு, அவற்றின்மேல் தடித்த போர்வைகளைத் தொங்கவிடு. சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம்தான் நமக்கு எதிரி.

கன்வேட்டரின் யூஎஸ்பி வயரை லெப்டொப்பில் குத்து. ஒரு சின்ன வெளிச்சம் வரும். லெப்டொப்பின் ஒலி அமைப்புக்குள் போய், உள்ளே வரும் ஒலிக்கும் வெளியே போகும் ஒலிக்கும் இந்தப் பெட்டியின் பெயரையே தெரிவு செய். மறந்தால் லெப்டொப் தன்னுடைய ஓட்டை மைக்கைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். நீ மணிக்கணக்காக வாசித்தது வீணாகும். மைக்கின் தடித்த வயரை முன்துளையில் 'டக்' என்று இறுகும்வரை தள்ளு. அந்த மைக்குக்கு இந்தப் பெட்டிதான் மின்சாரம் கொடுக்க வேண்டும், அதற்கு 48 என்று எழுதிய பொத்தானை அழுத்து. அழுத்தும்போது ஹெட்போன் காதில் இருக்கக்கூடாது, காது கிழிந்துவிடும்.

பிறகு புத்தகத்தை எடுத்து உன் வழக்கமான குரலில் வாசித்துக்கொண்டே குமிழை மெல்லக் கூட்டு. குமிழைச் சுற்றியுள்ள வளையம் பச்சையாக எரிய வேண்டும். உரத்துப் பேசும் இடத்தில் மஞ்சள் எட்டிப் பார்த்தால் பரவாயில்லை. சிவப்பு வந்தால் அந்த வரி செத்தது. என்னால்கூட உயிர் கொடுக்க முடியாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு நிமிடம் வாசி, அரை நிமிடம் சும்மா இரு. இரண்டையும் பதிந்து அனுப்பு. சும்மா இருப்பது எனக்கு மிக முக்கியம். அதில்தான் அறையின் குணம் தெரியும்.

இன்ஷா அல்லாஹ், இந்த வருடம் முடியுமுன் உன் குரலில் ஒரு முழு நாவல்.

மஸா


பேராதனை
2023 மார்ச் 2

என் மஸா,

பூட்டிவிட்டேன்! மோகன் இரண்டு போர்வைகளைக் கட்டித் தந்தார். அலுமாரிக்குள் பாச்சா உருண்டை வாசம் மூக்கைத் துளைக்கிறது, அதையும் சேர்த்துப் பதியுமா உன் மைக்?

ஹெட்போனைப் போட்டுக்கொண்டு முதல் வரியை வாசித்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். யாரோ என் காதுக்குப் பக்கத்தில் வந்து வாசிப்பதுபோல இருந்தது. நாக்கு அண்ணத்தைத் தொட்டு விடுவதுகூடக் கேட்டது. வானொலி அறையில் அத்தனை வருடம் இருந்தும் என் குரலை நான் இப்படிக் கேட்டதில்லை. கதிரையை விட்டு எழுந்து மோகனைக் கூப்பிட்டு அவர் காதிலும் மாட்டினேன். "ஏய், இது நீதானா?" என்றார். அவ்வளவுதான் அவருடைய பாராட்டு.

ஆனால் ஒரு குறை. வாசிப்பதை நிறுத்தியதும், நீ கேட்ட அந்தச் சும்மா இருக்கும் அரை நிமிடத்தில், ஹெட்போனுக்குள் ஒரு மெல்லிய விசில் ஓடுகிறது. ஈ என்று, ஊசி மாதிரி, ஏறாமல் இறங்காமல். குமிழைக் குறைத்தாலும் போகவில்லை. இதை அனுப்பினால் சென்னைக்காரர்கள் மறுபடி திருப்பிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. அதனால் எதையும் அனுப்பவில்லை. என்ன செய்ய?

உன்,
சுதா


டோஹா
2023 மார்ச் 3

சுதா,

பதறாதே, இது எல்லோருக்கும் வருகிற தொல்லைதான். மின்சாரத்தில் இருந்துதான் இந்த விசில் வரும். லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் பதிந்து பார். யூஎஸ்பி வயரை அடுத்த துளையில் மாற்றிக் குத்து. பிரிட்ஜை நிறுத்து, அறையின் பல்பை நிறுத்து, போனை வேறு அறையில் வை. ஒவ்வொன்றாகச் செய், எது குற்றவாளி என்று பிடித்துவிடலாம்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். மோகன் மச்சானுக்கு என் ஸலாம்.

மஸா


பேராதனை
2023 மார்ச் 10

மஸா,

சார்ஜரைக் கழற்றினேன். துளையை மாற்றினேன். பிரிட்ஜை நிறுத்தியதில் மீன் கெட்டதுதான் மிச்சம். வீட்டின் பெரிய சுவிட்சையே இறக்கிவிட்டும் பார்த்தேன், விசில் போகவில்லை. பக்கத்து வீட்டுக் கரண்டிலிருந்து வருகிறதோ என்று ஒரு சந்தேகம். அதனால் நேற்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கலஹா பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன்.

இராஜேஸ்வரி அக்காவை உனக்குத் தெரியுமே, இன்னும் தோட்டத்திலேதான் இருக்கிறாள். நான் போன நேரம் எங்கேயோ மரம் விழுந்து தோட்டம் முழுக்கக் கரண்ட் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். தேயிலைக்குள் ஒரு கல்லில் உட்கார்ந்து, லெப்டொப்பை மடியில் வைத்து, எல்லாவற்றையும் பூட்டினேன். அக்கா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னாடி இது, காட்டுல வந்து ஒக்காந்து மெஷின மொறச்சிக்கிட்டு இருக்க? ஒனக்கு மோகன் சோறு போடுறாரா இல்லியா?" என்றாள். கொஞ்சம் சும்மா இரு அக்கா, ரெக்கோர்டிங் என்றேன்.

ஒரு மலை முழுக்க ஒரு பல்பு எரியவில்லை, மஸா. அப்படியும் விசில் இருந்தது. ஒருவேளை இன்னும் கொஞ்சம் தெளிவாகக்கூட.

ஆக, பெட்டியிலேயேதான் பழுது. உனக்கு விற்ற கடையில் மாற்றித் தருவார்களா என்று கேள். இவ்வளவு தூரம் அனுப்பிவைத்த உன்னிடம் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அங்கே பதிந்ததை இதோடு அனுப்புகிறேன், நீயே கேட்டுப் பார்.

சுதா


டோஹா
2023 மார்ச் 11

சுதா கண்ணே,

கேட்டேன். என்னிடமுள்ள எல்லா ஹெட்போன்களிலும் கேட்டேன். அலுவலகத்துக்குக் கொண்டுபோய் என்னோடு வேலை செய்பவரையும் கேட்க வைத்தேன்.

உன் வாசிப்பு அப்படியே பன்னீர் மாதிரி இருக்கிறது. பின்னால் தூரத்தில் ஒரு கோழி. உன் அக்கா திட்டுவது. நீ "சும்மா இரு" என்பது. அதன்பின் அரை நிமிடம், காற்று இலைகளில் படும் சத்தம் மட்டும். விசில் இல்லை, சுதா. காதுதான் ஏமாற்றுகிறதோ என்று திரையில் விரித்தும் பார்த்தேன். அவ்வளவு உயர்ந்த சுருதியில் ஒரு விசில் இருந்தால் நேர் கோடாகத் தெரியும். அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

மோகன் மச்சானிடம் ஹெட்போனைக் கொடுத்து, விசில் கேட்கிறதா என்று கேள். அதன்பிறகு இதையும் செய்வாயா? எல்லா வயர்களையும் கழற்றிவிடு, ஹெட்போனை எடுத்துவிடு. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார். என்ன கேட்கிறது என்று எனக்கு எழுது.

இதை எழுதக் கை கூசுகிறது. ஒன்றும் இராது, வெறும் களைப்பாக இருக்கும். துஆ செய்கிறேன்.

மஸா


பேராதனை
2023 மார்ச் 29

மஸா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எழுதினால் உண்மையாகிவிடும் என்று தள்ளிப்போட்டேன்.

மோகனுக்கு விசில் கேட்கவில்லை. காதைப் பொத்திப் பார்த்தேன். இருந்தது. பொத்தியதும் கூடியது. இத்தனை நாள் பஸ் சத்தத்திலும் ரியூஷன் பிள்ளைகளின் இரைச்சலிலும் அது மறைந்து கிடந்திருக்கிறது. நீ சொன்னபடி போர்வை கட்டி, நல்ல ஹெட்போன் போட்டு, ஒரு சுத்தமான அமைதியை உண்டாக்கியதும் வெளியே வந்துவிட்டது.

கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை, கண்ணாடி யன்னல், அந்தப்பக்கம் ஒரு பெண். அப்படியே நம் வானொலி அறைதான். ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைத் தந்து, "சத்தம் கேக்கிற நேரமெல்லாம் அமத்துங்க" என்றாள். ஆரம்பத்தில் சில சத்தங்கள் வந்தன, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. மெஷினை ஏதோ சரிசெய்கிறாள்போல என்று பொறுமையாகக் காத்திருந்தேன். கொஞ்சநேரத்தில் கதவைத் திறந்து, முடிந்தது, வெளியே வரலாம் என்றாள்.

"அடுத்தது இன்னும் தொடங்கலியே?" என்று கேட்டேன்.

அவள் என் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். கழற்றியபோது அவள் விரல் என் கன்னத்தில் பட்டது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு காதிலும் உள் நரம்பு வாடிக்கொண்டு போகிறதாம். மருந்து இல்லை. அறுவைச் சிகிச்சையும் நரம்பே போகும் இடத்தில் பயன்படாதாம். காதுக்கு மெஷின் தருவார்கள், அது சத்தத்தைக் கூட்டும், தெளிவைத் தராது. வீட்டில் வேறு யாருக்கும் இப்படி இருந்ததா என்று டொக்டர் கேட்டார். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் காது முழுக்க அடைத்திருந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் ரோலர் சத்தத்தால் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு வருடமோ, இரண்டோ, சொல்ல முடியாதாம். போனில் உன் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வந்ததே, அது லைன் இல்லை.

பெட்டியை யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். உனக்கு வேறு ஒரு நல்ல வாசகி கிடைப்பாள்.

சுதா


டோஹா
2023 மார்ச் 30

என் சுதா,

நோன்பு திறந்துவிட்டு வந்து உன் கடிதத்தைப் பார்த்தேன். தண்ணீர் குடித்த வாய் அப்படியே கசந்துவிட்டது. என் கணவர் ஹுதைபா என்ன நடந்தது, யாருக்கு மௌத் என்று கேட்கிறார். யாரும் சாகவில்லை என்று சொல்லிக்கொண்டே அழுதேன்.

பெட்டியைத் திருப்பி அனுப்பக்கூடாது. உன் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மொழி உனக்குள் இருக்கிறது, எங்கே மூச்செடுப்பது, எங்கே நிறுத்துவது, எல்லாம் உடம்பில் ஊறியது. அளவைக் கண்ணால் பார். பச்சை வளையம் இருக்கிறது, திரையில் அலை ஓடுகிறது. எங்கே பெருக்கிறது எங்கே சிறுக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகு. கேட்கும் வேலையை என்னிடம் விடு. நீ அனுப்புவதையெல்லாம் நான் கேட்டு, எங்கே சரி எங்கே பிழை என்று எழுதுவேன். வாய் உன்னுடையது, காது என்னுடையதாக இருக்கட்டும்.

நம் நாவலை ஆரம்பி. சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் முதல் அத்தியாயம் என் கைக்கு வர வேண்டும். கெஞ்சவில்லை, கட்டளை.

மஸா


பேராதனை
2023 ஓகஸ்ட் 20

அன்பு மஸா,

எட்டாம் அத்தியாயம் இன்று அனுப்பியிருக்கிறேன். கிணற்றடியில் தாய் செத்துக் கிடக்கும் இடம் அதில்தான் வருகிறது.

நான் எப்படி வாசிக்கிறேன் தெரியுமா? இடது கையை நெஞ்சில் வைத்துக்கொள்கிறேன். குரல் தாழ்ந்தால் நெஞ்சு அதிரும், ஏறினால் அதிர்வு தொண்டைக்குப் போகும். கண் ஒரு பக்கம் புத்தகத்தில், மறுபக்கம் வளையத்தில். ஒரு பக்கம் முடிந்ததும் திரையில் அலையைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். இப்போது என்னுடைய 'ம்'மையும் 'ப்'பையும் கண்ணாலேயே கண்டுபிடிக்கிறேன். கேட்டபோது தெரியாத சங்கதியெல்லாம் பார்க்கும்போது தெரிகிறது.

காது மெஷின் தந்தார்கள். தகரத்தில் கரண்டியால் தட்டுவதுபோல எல்லோரும் பேசுகிறார்கள். வாசிக்கும்போது அதைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும், மறைக்காமல் சொல். போன கிழமை பஸ்ஸில் டிக்கெட் கேட்டபோது முன் சீட்டில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மோகன் என் கையை மெல்ல அழுத்தினார். இப்போது அடிக்கடி அப்படி அழுத்துகிறார், குரலைக் குறை என்று அர்த்தம். ரியூஷன் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். இது வாசிப்பில் தெரிகிறதா? ஆரம்பத்தில் நீ ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறை எழுதுவாய். கொஞ்சக் காலமாக ஒன்றுமே எழுதுவதில்லையே?

உன்,
சுதா


டோஹா
2023 ஓகஸ்ட் 24

சுதாக் கண்ணு,

அத்தியாயம் கிடைத்தது, மிக அருமை. குறை இல்லாததால்தான் குறை எழுதவில்லை. சென்னைக்காரருக்கும் திருப்தி. பஸ்ஸில் எல்லோரும்தான் கத்துகிறார்கள், அதை எல்லாம் மனதில் போடாதே.

இங்கே வெயில் கொளுத்துகிறது. பஹீமுக்கு அடுத்த மாதம் கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம், திகனைப் பக்கத்துப் பெண். நீயும் மச்சானும் கட்டாயம் போக வேண்டும். நான் வர இயலுமோ தெரியவில்லை.

தொடர்ந்து அனுப்பு.

மஸா


பேராதனை
2024 ஜனவரி 21

மஸா,

நம் ஒலிநூல் வெளிவந்துவிட்டது என்று நீ எழுதவில்லை. மோகனின் போனில் தற்செயலாகப் பார்த்தேன். அட்டைப்படத்தில் கிணறு. கீழே வாசித்தவர் பெயர் போடவில்லை. நான் அனுப்பியவரையில் வெளியிடுகிறார்கள்போல என்று நினைத்தேன்.

என்னால் கேட்க முடியாது. இப்போது காது மெஷின் போட்டாலும் ஒன்றுமில்லை. ஆனால் பார்க்க முடியும் அல்லவா? போனின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரைக் கன்வேட்டருக்குக் கொடுத்து, எட்டாம் அத்தியாயத்தை லெப்டொப்பில் பதிந்தேன். சும்மா, ஆசைக்குத்தான். என் வேலை உலகத்துக்குப் போயிருக்கிறதே, அதன் அலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று.

தாய் செத்துக் கிடப்பதை மகள் பார்க்கும் இடத்தில் நான் நீளமாக ஒரு மூச்சு நிறுத்தியிருந்தேன். அந்த இடத்தில் கோடு தட்டையாக ஓட வேண்டும். ஓடவில்லை. வாக்கியம் நிற்காமல் போகிறது. முன்னால் தேடினேன், பின்னால் தேடினேன். என்னுடைய பதிவை மேலே வைத்து, அதைக் கீழே வைத்துப் பார்த்தேன். ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. நீ வெட்டி ஒட்டினால் இவ்வளவு மாறாது, எனக்கு அவ்வளவு தெரியும்.

மோகனைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டு, "இது நானா?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். பக்கத்தில் இருந்த காகிதத்தை எடுத்து 'இல்ல' என்று எழுதினார். அதற்குக் கீழே, 'யாரோ சின்னப் புள்ள' என்று எழுதினார். உங்களுக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டிவிட்டு வெளியே போய் நின்றார்.

பதினோராம் அத்தியாயத்தைப் போன கிழமைதான் உனக்கு அனுப்பினேன். 'நன்றாக வந்திருக்கிறது' என்று நீ எழுதிய பதில் இன்னும் திரையில் இருக்கிறது. புத்தகமோ அதற்கு முன்பே முழுசாக வெளிவந்து விற்றுக்கொண்டிருக்கிறது.

நான் யாருக்கு வாசித்தேன், மஸா?

சுதர்சினி


டோஹா
2024 ஜனவரி 22

என் சுதா,

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்.

மே மாதம்வரை உன் வாசிப்பில் திருத்த முடியாத குறை ஒன்றும் இல்லை. ஜூன் கடைசியில் 'ச' தேயத் தொடங்கியது. பிறகு 'ழ'வும் 'ள'வும் ஒன்றாகின. பழைய அத்தியாயங்களிலிருந்து உன்னுடைய நல்ல எழுத்துகளை வெட்டியெடுத்து, தேய்ந்த இடங்களில் ஒட்டினேன். ஆறாம் அத்தியாயம் முழுக்க அப்படிச் செய்ததுதான். ஏழாம் அத்தியாயத்தில் குரல் மேடு பள்ளம் இல்லாமல் ஒரே தட்டையாகிவிட்டது, அக்கரையிலுள்ள ஒருவரைக் கூப்பிடுவதுபோல. சென்னைக்காரர்கள் திருப்பிவிட்டார்கள். தனுஜா என்று ஒரு பெண்ணை வைத்து முதல் அத்தியாயத்திலிருந்தே புதிதாகப் பதிந்தார்கள். உன்னிடம் சொல்லும்படி என்னிடம்தான் சொன்னார்கள்.

அந்தக் கடிதத்தை எழுதி எழுதி அழித்தேன். இந்த வாசிப்பும் போனால் நீ என்ன ஆவாய் என்று பயந்தேன். ஒவ்வொரு மாதமும், அடுத்த மாதம் சொல்லலாம் என்றிருந்தேன்.

தாய் செத்துக் கிடக்கும் இடத்தில் நீ நிறுத்திய மூச்சை நான் கேட்டேன், சுதா. தனுஜாவுக்கு அந்த இடம் பிடிபடவே இல்லை. நீ அனுப்பியதில் ஒரு வரியையும் நான் விட்டதில்லை, எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டேன். இனியும் கேட்பேன். சென்னையும் வேண்டாம், யாரும் வேண்டாம். எனக்காக வாசித்து அனுப்பு. உண்மையை மட்டுமே எழுதுவேன், அல்லாஹ் மேல் ஆணை.

மஸா


பேராதனை
2024 பெப்ரவரி 18

மஸாஹிராவுக்கு,

கன்வேட்டரையும் மைக்கையும் பஹீமிடம் கொடுத்துவிட்டேன். புது மனைவியோடு வந்திருந்தார். வாசலில் நின்று ஏதோ நிறையப் பேசினார். உதடுகள் அசைந்தன, ஒன்றும் பிடிபடவில்லை. தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று தெரியாது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போர்வைகளைத் துவைத்து மடித்தாயிற்று. ரியூஷனை நிறுத்திவிட்டேன். எழுதிப் பேச மோகன் ஒரு கொப்பி வாங்கி வைத்திருக்கிறார், அதில்தான் பேச்சு. எவ்வளவு வாயாடுகிற மனிதர் தெரியுமா? எழுதுவது களைப்புப்போல, இப்போது 'மழ', 'சோறு', 'படுக்கவா' என்று ஒவ்வொரு சொல்லாகச் சுருங்கிவிட்டார். அவரைக் குறைசொல்லவில்லை.

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. நீ குறையை எழுதியிருந்தால் நான் அழுதிருப்பேன், ஒரு மாதம் படுத்துக் கிடந்திருப்பேன். ஆனால் கடைசியாக வாசிக்கும்போது அதுதான் கடைசி என்று தெரிந்து வாசித்திருப்பேன். எனக்குத் தெரியாமலே அது முடிந்துபோயிற்று. எந்த நாளில் என்றுகூட எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்.

உனக்காக வாசித்து அனுப்பச் சொல்கிறாய். முடியாது. நீ 'நன்று' என்று எழுதினாலும் நம்பமாட்டேன், 'மோசம்' என்று எழுதினாலும் என்னை நம்பவைக்கக் கூட்டி எழுதுகிறாயோ என்றுதான் நினைப்பேன். சரிபார்க்க எனக்கு வேறு காது இல்லை.

இன்னும் ஒன்று. இதை வாசிக்கும்போது உன் தலைக்குள் என் குரல் ஓடும், எனக்குத் தெரியும். உன் கடிதங்களை நானும் உன் குரலில்தான் வாசித்தேன். ஆனால் நீ கேட்கிற குரல் வானொலிக்காரியுடையது. அவள் இந்த வீட்டில் இல்லை. போன வருடம் முழுக்க நீ அவளுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தாய். அவள் மனம் நோகக்கூடாது என்றுதான் என்னிடம் பொய் சொன்னாய். இருக்கிறவளின் குரலை நீ கேட்டிருக்கிறாய், அது எப்படியிருக்கும் என்று எனக்கே தெரியாது. முடிந்தால் இந்தக் கடிதத்தை அந்தக் குரலில் ஒருமுறை வாசித்துப் பார். முடியாவிட்டால் பதில் எழுத வேண்டாம்.

சுதர்சினி